ஜாக்கொமோ பாத்ரியின் லினோ அச்சுகள்: பெருமந்தக் காலமும் குடியேறியவரின் உளியும்

நிழற்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெருமந்தக் காலத்து அமெரிக்கப் பதிப்போவியங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நியூயார்க்கோடும் சிகாகோவோடும் நின்றுவிடுகிறோம். மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஜாக்கொமோ பாத்ரியை இங்கே விரிவாகப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இத்தாலியின் ஆர்க்வாத்தா ஸ்க்ரீவியா என்ற ஊரில் 1898இல் பிறந்தவர் பாத்ரி. சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர். 1916இல் அமெரிக்காவுக்கு வந்து, சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே ஓவியம் கற்று, 1920களில் அந்நகரத்துச் செய்தித்தாள்களுக்குப் படம் வரைந்து பிழைத்தார். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. அதற்குப் பின் நான்கு ஆண்டுகளில் அந்நாட்டு உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை என்ற நிலை வந்தது. அந்த ஆண்டுகளைத்தான் பாத்ரி 120க்கும் மேற்பட்ட லினோ அச்சுப் படங்களில் (லினோலியம் என்ற தரைவிரிப்பில் செதுக்கி மையிட்டு எடுப்பவை), கதைசொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல், அலுவலகப் பணியாளரைக் குறிக்கும் 'வெள்ளைக் காலர்' என்ற பெயரில் படக்கதையாகச் செதுக்கி 1940இல் தாமே வெளியிட்டார்.

கதையின் நாயகன் ஒரு விளம்பர ஓவியன். 1929இல் கையில் வேலையும் மனைவியும் குழந்தைகளும் நம்பிக்கையும் உள்ளவன். தொழிற்சங்கம் என்பது சட்டையில் எண்ணெய்க் கறை படிந்தவர்களின் காரியம், தனக்கு அதில் வேலையில்லை என்று எண்ணுகிறவன். வேலை போகிறது, கடன் ஏறுகிறது, மனைவி மீண்டும் கருவுற்றிருப்பது தெரிந்து, கருவைக் கலைக்கலாமா என்று எண்ணும் நிலைக்கு அந்தக் குடும்பம் தள்ளப்படுகிறது, இறுதியில் வீடும் போகிறது. அதன் பிறகே அவன், தான் அதுவரை விலகி நின்று பார்த்த தொழிலாளர்களோடு சேர்ந்து நடக்கிறான்.

இந்தப் படைப்பின் வலிமை, பாத்ரி தேர்ந்துகொண்ட மனிதனில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தக் காலத்துச் சமூக யதார்த்தவாத அச்சுகளில் நாம் திரும்பத் திரும்பக் காண்பவர்கள் சுரங்கத் தொழிலாளியும் துறைமுகச் சுமைகூலியும் ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஏழையும் நிலமிழந்த விவசாயியும்தான். அவர்களைப் பார்த்து ஒரு எழுத்தரோ ஆசிரியரோ கணக்கரோ இரக்கம் கொள்ளலாம்; கொண்டுவிட்டு, 'நல்லவேளை, நான் அவனில்லை' என்று பக்கத்தைப் புரட்டலாம். பாத்ரி அந்த வசதியைப் பறித்துவிடுகிறார். அச்சிட்ட தாளை வாங்கிப் பார்க்கக்கூடிய மனிதனையே அவர் தாளுக்குள் நிறுத்துகிறார். ராக்வெல் கென்ட் என்ற புகழ்பெற்ற மரச்செதுக்கு ஓவியர் அதற்கு முன்னுரை எழுதியதும், பின்னர் வந்த பதிப்பில் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் எல். லூயிஸ் பின்னுரை எழுதியதும் இந்தத் தேர்வின் பொருளை அவர்கள் உணர்ந்திருந்ததால்தான் என்று நம்புகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.


உளிமுனை எழுதியது:

நிழற்கோடு அவர்களுக்கு நன்றி. கவின்கலைக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து லினோ வெட்டி வருகிறவன் என்ற முறையில், பொருளைப் பற்றிப் பேசிவிட்டுப் பிறகு கதைக்கு வருகிறேன்.

பாத்ரியின் படங்களை மரச்செதுக்கு என்றே பலரும் குறிப்பிடுகிறார்கள். மரச்செதுக்கு, மர நுண்செதுக்கு, லினோ மூன்றும் மேட்டு அச்சு (வெட்டாமல் மேடாக விட்ட பரப்பில் மை ஏற்றி எடுப்பது) என்ற ஒரே குடும்பம்தான் என்றாலும், கைக்கு மூன்றும் வெவ்வேறு. பலகையின் நீளவாக்கில் வெட்டும் மரச்செதுக்கில் மரத்தின் நார் உளியோடு சண்டையிடும். நாரின் போக்கில் போனால் உளி ஓடும், குறுக்கே போனால் சிலாம்பு தெறிக்கும். பாக்ஸ்வுட் போன்ற கடினமான மரத்தைக் குறுக்காக அறுத்து, அதன் வெட்டுமுகத்தில் கூர்கருவியால் கீறும் நுண்செதுக்கில் முடியளவு மெல்லிய வெள்ளைக் கோடுகளை எடுக்கலாம். பங்குச்சந்தை சரிந்த அதே 1929 அக்டோபரில் வெளிவந்த அமெரிக்க ஓவியர் லிண்ட் வார்டின் முதல் படக்கதை அப்படிச் செய்யப்பட்டதுதான். லினோலியத்தில் நாரே கிடையாது. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் பிசினையும் குழைத்துச் சணல் துணியின்மேல் பரப்பிய தரைவிரிப்பு அது. 1860களில் ஃபிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வீட்டுச் சாமான். எந்தத் திசையிலும் ஒரே மாதிரி வெட்டுப்படும். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஸெக் சிறுபிள்ளைகளுக்குக் கற்பித்தபோது இதைத்தான் கொடுத்தார். அதனாலேயே பல ஓவியர்கள் இதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள்.

ஆனால் 120 படங்களைத் தொடர்கதையாக வெட்ட நினைப்பவருக்கு, விலை குறைந்ததும் எங்கும் கிடைப்பதுமான இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. குளிர்ந்த நாளில் அது விறைத்துப் பொருக்குப் பொருக்காக உடையும். அடுப்படியில் சற்றுச் சூடேற்றினால் வெண்ணெய் போல இணங்கும். 'வி' வடிவ உளியால் கோட்டை எடுத்துவிட்டு, 'யு' வடிவ உளியால் பரப்பை வழித்தெடுக்க வேண்டும். உளிக்கு முன்னால் இடதுகை விரலை வைக்கக் கூடாது என்பதைத் தழும்பு வாங்கித்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பென்சிலால் வரைகிறவருக்கு வெள்ளை இனாமாகக் கிடைக்கிறது. அது தாளிலேயே இருக்கிறது. மேட்டு அச்சில் கறுப்புதான் இனாம். வெட்டாமல் விட்ட இடமெல்லாம் மையை ஏற்றுக் கறுப்பாக விழும். வெள்ளையாக வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒரு மனிதனின் கழுத்தில் வெள்ளைக் காலரைக் காட்ட வேண்டுமென்றால் கறுப்பிலிருந்து அதை உழைத்து மீட்க வேண்டும். கதையின் நாயகன் எதை உழைப்பில்லாத கண்ணியம் என்று நம்பினானோ, அதைச் செதுக்கியவர் ஒவ்வொரு தடவையும் கைவலிக்க வெட்டியிருக்கிறார்.

இன்னொன்று. படத்துக்குள் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். சொல்லில்லாக் கதை என்றாலும் அறிவிப்பு, கடிதம் போன்றவை உள்ளே வருகின்றன. இவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிடமாக வெட்ட வேண்டும். கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து என்றால் எழுத்தை மட்டும் தோண்டினால் போதும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் எழுத்தைச் சுற்றியுள்ள அத்தனையையும் வழித்து, ஆங்கிலத்தின் 'ஏ' எழுத்து நடுவிலுள்ள சின்ன முக்கோணத்தைக்கூட முனையால் கிள்ளியெடுத்து, எழுத்தின் மெல்லிய சுவர் சரியாமல் நிறுத்த வேண்டும். ஒரு நொடியில் படித்துவிடும் ஒரு வரி அறிவிப்புக்காக அரைநாள் உட்கார வேண்டியிருக்கும்.


எதிர்க்கரை எழுதியது:

இருவர் எழுதியதையும் ஆர்வத்தோடு படித்தேன். உளிமுனை ஐயா வெள்ளையைப் பற்றிச் சொன்னதை எளிதில் மறக்க முடியாது. ஆயினும் எனக்குச் சில தடைகள் உள்ளன. அவற்றை மறைக்காமல் சொல்வதே இந்த உரையாடலுக்கு நான் செய்யும் மரியாதை.

முதல் தடை முடிவைப் பற்றியது. நாயகன் அடுக்கடுக்காக எல்லாவற்றையும் இழக்கிறான், பிறகு ஒரு பேரணியில் சேர்கிறான், விடிவு பிறக்கிறது. முதல் பத்துப் படங்களைப் பார்த்தவுடனேயே கடைசிப் படம் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடுகிறது. விடையை முன்பே எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடும் கலையை நான் முழுமையாக நம்புவதில்லை. இதோடு 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு நியூயார்க்குக்கு வந்த ஃபிரிட்ஸ் ஐக்கன்பெர்கை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சுரங்க ரயில் பெட்டிக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் பயணிகளை அவர் மரத்தில் நுண்செதுக்காகச் செய்திருக்கிறார். அங்கே பேரணி இல்லை, கொடி இல்லை. களைப்பு மட்டுமே இருக்கிறது. ஒருவர் முகம் மற்றவர் முகம் போல இல்லை. அவர் அந்த மக்களுக்கு எதையும் போதிக்காமல் அவர்கள் நடுவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

இரண்டாவது தடை மனைவியைப் பற்றியது. கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலத்தில் அதைப் படமாக்கத் துணிந்தது பெரிய செயல், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் துயரம் நாயகனின் அரசியல் விழிப்புக்கு ஒரு படிக்கட்டாக மட்டும் பயன்படுகிறதோ என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை.

மூன்றாவது, குடியேறியவர் என்ற அடையாளம். இழையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. படங்களில் எங்கே இருக்கிறது? நாயகன் எந்த ஊரிலிருந்து வந்தவனாகவும் தெரியவில்லை. சிகாகோவில் டோட்ரஸ் கெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். வின்னித்ஸியாவில் பிறந்து, மான்ட்ரியால் வழியாக 1918இல் சிகாகோவுக்கு வந்தவர். அவருடைய மரச்செதுக்குகளில் விட்டு வந்த உலகமும் வந்து சேர்ந்த உலகமும் ஒரே கட்டையில் மோதுகின்றன. 1937இல் அந்நகரத்து யூத ஓவியர்கள் பதினான்கு பேர் ஆளுக்கொரு மரச்செதுக்காகச் சேர்த்து, சோவியத் நாட்டில் யூதர்களுக்கென அமைந்த பிரோபிஜான் வட்டாரத்துக்கென்று வெளியிட்ட தொகுப்பிலும் அவர் இருக்கிறார். யீடிஷ் மொழியும் சிகாகோவின் தெருவும் அதில் கைகோத்து நிற்கின்றன. பாத்ரியிடம் இத்தாலி எங்கே?


பழந்தாள் எழுதியது:

எதிர்க்கரை அவர்களின் மூன்றாவது கேள்விக்கு வரலாற்றின் பக்கத்திலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன்.

1930களின் அமெரிக்காவில் குடியேறிய ஓவியர் ஒருவர் தம்மை வெளிநாட்டவராகக் காட்டிக்கொள்வது எளிய காரியமாக இருக்கவில்லை. வேலையற்ற ஓவியர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு நடத்திய கூட்டாட்சிக் கலைத் திட்டம் 1935இல் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான ஓவியர்களுக்கு அது சோறு போட்டது. நியூயார்க்கில் வாரத்துக்கு ஏறத்தாழ 24 டாலர் கிடைத்தது. பதிப்போவியப் பிரிவுகளில் மட்டும் நாடு முழுவதும் 11,000க்கும் மேற்பட்ட படங்கள் உருவாகி, சுமார் 2,40,000 படிகள் அச்சிடப்பட்டன. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நூலகங்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. ரீகாவில் பிறந்து 1916இல் அமெரிக்காவுக்கு வந்த ஆல்பர்ட் அப்ராமோவிட்ஸ் போன்றவர்கள் உழைப்பாளிகளைச் செதுக்க முடிந்தது இப்படிப்பட்ட ஆதரவால்தான்.

ஆனால் 1937இல் குடியுரிமை இல்லாதவர்களை அத்தகைய வேலைத் திட்டங்களிலிருந்து நீக்கும் விதி வந்தது. நெதர்லாந்திலிருந்து வந்த ஓவியர் வில்லெம் டி கூனிங் விலக வேண்டியதாயிற்று. ஹார்லெம் நீதிமன்றத்தில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்த எய்தாரோ இஷிகாக்கி வேலையை முடிக்கும் முன்பே நீக்கப்பட்டார். டி கூனிங்காவது பின்னாளில் குடியுரிமை பெற முடிந்தது. 1909 முதல் அமெரிக்காவில் வாழ்ந்த இஷிகாக்கி ஜப்பானியர் என்பதால் அந்நாட்டுச் சட்டம் 1952 வரை அவருக்கு அந்த வழியையே திறக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து உழைத்த நாட்டில், பசிக்காலத்தில் கொடுத்த வேலையைக் குடியுரிமைத் தாள் இல்லை என்று பிடுங்கியதை எத்தனை முறை படித்தாலும் என்னால் அமைதியாகக் கடந்துபோக முடிவதில்லை.

இனி பாத்ரியின் நகரத்துக்கு வாருங்கள். 1934 மே 9ஆம் தேதி மேற்குக் கரைத் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 5ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான நிக் போர்டோய்ஸ், வேலைநிறுத்தக்காரர்களின் சமையற்கூடத்தில் உதவிக்கொண்டிருந்த கிரேக்கச் சமையற்காரர். அந்த வேலைநிறுத்தத்தின் தலைவராக உயர்ந்த ஹாரி பிரிட்ஜஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அவரை நாடு கடத்த அரசு பல ஆண்டுகள் வழக்கு நடத்தியது. ஜூலை 16 முதல் 19 வரை நகரமே வேலையை நிறுத்தியது. அதே மாதங்களில் அந்நகரத்துக் காய்ட் கோபுரத்தின் உட்சுவர்களில் அரசுப் பணத்தில் வரையப்பட்ட ஓவியங்களில் இடதுசாரிக் குறிகள் உள்ளன என்று எழுந்த சர்ச்சையால், அந்தக் கோபுரம் அக்டோபர் வரை பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. அங்கே வரைந்தவர்களில் வார்சாவில் பிறந்த பெர்னார்ட் சாக்ஹைமும் ரஷ்யப் பேரரசில் பிறந்த விக்டர் அர்னாடோஃபும் இருந்தார்கள். வேலைநிறுத்தம் வெளிநாட்டவர் மூட்டிவிட்ட கலகம் என்பது அன்றைய செய்தித்தாள்களின் ஓயாத பல்லவி.

அப்படிப்பட்ட நகரத்தில், இத்தாலியிலிருந்து வந்த ஓர் ஓவியர், தொழிற்சங்கத்தில் சேருங்கள் என்று சொல்லும் கதைக்கு இத்தாலியன் ஒருவனை நாயகனாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுத்தர்கள், 'அது அவர்களுடைய ஊர் வழக்கம்' என்று சொல்லிப் படத்தை மூடியிருப்பார்கள். ஊர் பேர் தெரியாத நாயகனை அவர் படைத்ததற்கு இதுவே காரணம் என்று நான் வாசிக்கிறேன். இது என் வாசிப்புதான். ஆனால் அவர் செய்தித்தாள்களுக்குப் படம் வரைந்தவர், பார்ப்பவர் எந்த முகத்தோடு தம்மைப் பொருத்திக்கொள்வார் என்பதை அறிந்தவர் என்பதை மறக்கக் கூடாது.


நிழற்கோடு எழுதியது:

பழந்தாள் அவர்கள் கொடுத்த பின்னணி எனக்கு மிகவும் உதவுகிறது. அதிலிருந்தே எதிர்க்கரை அவர்களின் முதல் தடைக்கு வருகிறேன்.

முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்பது உண்மை. பாத்ரி அதை மறைக்க முயலவில்லை. ஆனால் அந்தப் பேரணி ஓவியரின் கற்பனையில் மட்டும் இருந்தது என்று நினைத்தால் தவறாகும். செய்தித்தாள் பணியாளர்களுக்கான சங்கம் 1933இல் தோன்றியது. தொழிலாளர்கள் சங்கம் சேரும் உரிமையை வாக்னர் சட்டம் 1935இல் உறுதிசெய்தது. அலுவலகப் பணியாளர்களுக்கும் தொழில்முறை வல்லுநர்களுக்கும் என்று தனிச் சங்கம் 1937இல் அமைந்தது. தட்டச்சர்களும் கணக்கர்களும் சேரலாமா கூடாதா என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பாத்ரி உளியோடு உட்கார்ந்திருந்தார். அவர் வாசகர்முன் வைத்தது அன்றைக்கு இன்னும் முடிவாகாத ஒரு வாதம். நாம் எண்பது ஆண்டுகளுக்கும் மேல் தள்ளி நின்று பார்ப்பதால் அது முடிந்த கதையாகத் தெரிகிறது.

ஐக்கன்பெர்கின் சுரங்க ரயிலை நானும் நேசிக்கிறேன். ஆனால் அது தனியாகச் சுவரில் தொங்கும் படம். ஒரு கணத்தைக் காட்டிவிட்டு நிற்கலாம். பாத்ரி செய்தது அடுத்தடுத்துப் புரட்டும் படங்களால் காலத்தை உண்டாக்குவது. சரிவு எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதைக் காட்ட அவருக்குப் பக்கங்கள் தேவைப்பட்டன. ஒரே நாளில் பிச்சைக்காரனாகும் மனிதனை எந்த எழுத்தரும் தன்னோடு ஒப்பிட்டுக்கொள்ள மாட்டார். இந்த மாதம் ஒரு பாக்கி, அடுத்த மாதம் இன்னொன்று, சட்டை மட்டும் இன்னும் சலவையோடு இருக்கிறது என்பதைத்தான் அவர் அறிவார். இந்தக் காரணத்தால்தான் படத்துக்குப் படம் நாம் எதிர்பார்த்தது நடந்தாலும் நெஞ்சு கனக்கிறது என்று கருதுகிறேன்.

மனைவியைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கதையை நடத்துகிறவன் கணவன் என்பதில் ஐயமில்லை. எனினும் பணமுள்ளவர்களுக்கு ஒரு வழியும் இல்லாதவர்களுக்கு வேறு வழியும் என்று அந்தக் காலத்து மருத்துவம் நடந்த விதத்தை, ஒரு பெண்ணின் உடல் வழியாகச் சொல்ல 1940இல் வேறு எத்தனை அமெரிக்க ஓவியர்கள் முன்வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.


தையல்நூல் எழுதியது:

கதைக்குள் இருக்கும் மனைவியைப் பேசும் இந்த இடத்தில், கதைக்கு வெளியே இருந்த மனைவியையும் பேச வேண்டும். நான் நூற்கட்டுமானம் செய்கிறவள். பாத்ரியின் பெயரை முதலில் அறிந்தது ஸ்டெல்லா பாத்ரியின் வழியாகத்தான்.

அந்த முதற்பதிப்பு எந்தப் பதிப்பகத்திலிருந்தும் வரவில்லை. கணவனும் மனைவியுமாக வீட்டிலேயே அச்சிட்டு, வீட்டிலேயே கட்டினார்கள். அதன் உழைப்பை எண்ணிப் பாருங்கள். ஐம்பதே படிகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், 120 படங்களுக்கு ஆறாயிரம் முறை மையை உருளையில் தேய்த்துப் பரப்பி, தகட்டின்மேல் ஒரே சீராக ஏற்றி, தாளை நேர்பார்த்து வைத்து, அழுத்தி, ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தெடுக்க வேண்டும். மை கூடினால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைந்துபோகும். குறைந்தால் கறுப்பில் உப்புப் பூத்தது போலப் புள்ளி விழும். எண்ணெய் மை காயும் வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் முடியாது. வீட்டில் கயிறு கட்டித் தொங்கவிட இடம் வேண்டும். எல்லாம் காய்ந்த பிறகு வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். சொற்களே இல்லாத கதையில் ஒரு தாள் முன்பின் ஆனால் அடுத்த வரியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லை, கதையே உடைந்துவிடும். அதன் பிறகுதான் ஊசியும் நூலும்.

ஸ்டெல்லா அதோடு நிற்கவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நூல் பாதுகாப்புத் துறையில் மதிப்பு மிக்கவர்களில் ஒருவரானார். 1966 நவம்பரில் ஃபிளாரன்ஸ் நகரத்து நூலகங்களில் ஆர்னோ ஆற்று வெள்ளம் புகுந்து பல லட்சம் ஏடுகளைச் சேற்றில் ஆழ்த்தியபோது, உதவச் சென்றவர்களில் அவரும் உண்டு. அப்போது அவருக்கு வயது எழுபது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார். எதிர்க்கரை ஐயா கேட்ட கேள்வி நியாயமானது. படக்கதைக்குள் இருக்கும் பெண் பெரும்பாலும் துன்பப்படுகிறாள். ஆனால் அந்தப் பக்கங்கள் வாசகர் கைக்குப் புத்தகமாக வந்ததில் ஒரு பெண்ணின் தொழில்திறமை இருந்தது என்பதை இந்த இழையில் பதிவுசெய்ய விரும்புகிறேன்.


எதிர்க்கரை எழுதியது:

தையல்நூல் அம்மா எழுதியது எனக்கு முற்றிலும் புதிய செய்தி, மிக்க நன்றி. பழந்தாள் அவர்களின் விளக்கத்தையும் ஏற்கிறேன். ஊர் பேர் தெரியாத நாயகன் என்பது அந்தச் சூழலில் ஒரு தந்திரமாகவே, ஏன், ஒரு பாதுகாப்பாகவே இருந்திருக்கலாம்.

முடிவைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை. கூட்டம் கூட்டமாக நடக்கும் கடைசிப் படங்களில் முகங்கள் கரைந்துவிடுகின்றன. அதுவரை ஒரு தனிமனிதனை இவ்வளவு அருகில் நிறுத்திப் பார்த்த ஓவியர், அவனுக்கு நம்பிக்கை பிறக்கும் கணத்தில் அவனைத் தூரத்துக்கு அனுப்பிவிடுகிறார். ஒற்றுமையைக் காட்ட முகத்தைக் கைவிட வேண்டியதில்லை. லிண்ட் வார்டு 1932இல் செய்த படக்கதையில், நாயகனின் மனத்துக்குள் நடப்பதைக் காட்டும் பக்கங்களை மட்டும் செம்மஞ்சள் நிறத்தில் அச்சிட்டுத் தனிமனிதனைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்கிறார். அது போன்ற ஏதாவது ஒரு வழியைப் பாத்ரியும் தேடியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது.


உளிமுனை எழுதியது:

எதிர்க்கரை அவர்களே, வார்டின் அந்த நாயகன் கடைசியில் தனியாகவே மடிகிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனிமனிதனை இறுதி வரை பிடித்துக்கொள்வதற்கு வார்டு கொடுத்த விலை அது. பாத்ரி அந்த விலையைக் கொடுக்க விரும்பவில்லை. ஓர் ஓவியர் தம் முடிவை எங்கே வைக்கிறார் என்பதில் அழகியலைவிட, யாருக்காகச் செய்கிறார் என்பதே பெரிய பங்கு வகிக்கிறது என்று தோன்றுகிறது. வேலையிழந்து நிற்பவர் கையில், வேலையிழந்தவன் செத்துப்போகும் கதையைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

முகங்கள் கரைவதைப் பற்றி ஒரு சொல். திரளான மக்களை லினோவில் வெட்டும்போது தலைகளைத் தனித்தனியாக எடுக்க முயன்றால் படம் புள்ளிப் புள்ளியாகச் சிதறும். கறுப்புத் திரளாக விட்டு, ஒளி விழும் விளிம்புகளை மட்டும் வெட்டினால்தான் கூட்டத்துக்கு எடை வரும். இது பொருள் விதிக்கும் எல்லை. அந்த எல்லையை வேறு விதமாகவும் கையாளலாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் தம் மரச்செதுக்குகளில் ஒரே கறுப்புத் திரளிலிருந்து நான்கைந்து முகங்களையும் அவற்றின் தனித்தனித் துயரத்தையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆனால் அவர் வெட்டியது பலகை மரம். நாரின் முரட்டுத்தனம் ஒவ்வொரு முகத்துக்கும் வேறு வேறு சுருக்கத்தைக் கொடுத்து உதவியது.


நிழற்கோடு எழுதியது:

1940க்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முடிவைப் பற்றிய விவாதத்துக்கு அது தேவை.

பாத்ரி தொழிலாளர்களுக்குக் கலை கற்பிக்கும் ஆசிரியராக மாறினார். 1942இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, பின்னர் கலிஃபோர்னியா தொழிலாளர் பள்ளி என்று பெயர்பெற்ற நிறுவனத்தில் பகலில் வேலை செய்தவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். அங்கே அவர் வரையவும் அச்சிடவும் சொல்லிக்கொடுத்தார். போர் முடிந்ததும் காற்று திரும்பியது. அந்தப் பள்ளி அரசின் சந்தேகப் பட்டியலில் ஏறியது, 1957இல் மூடப்பட்டது. அலுவலகப் பணியாளர்களுக்கென 1937இல் அமைந்த சங்கமும், இடதுசாரிச் சங்கங்கள் என்று 1949, 1950ஆம் ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டவற்றில் ஒன்றாக, தன் தாய் அமைப்பை இழந்து கலைந்தது. ஆகவே எதிர்க்கரை அவர்கள் எளிதான விடிவு என்று கருதும் அந்தப் பேரணி, நடப்பில் பத்தே ஆண்டுகளில் உடைக்கப்பட்டது. படத்தில் அது முழுமையாக இருப்பதை நான் இந்தச் செய்தியோடு சேர்த்தே பார்க்கிறேன்.

பாத்ரி 1948இல் தமது சொந்தக் கலைப்பள்ளியைத் தொடங்கி 1966 வரை நடத்தினார். 1978இல் காலமானார். அவருடைய படக்கதை நெடுங்காலம் அரிய நூலாகவே கிடந்து, 1970களில் ஒரு முறையும், மாசரீல், வார்டு, லாரன்ஸ் ஹைட் ஆகியோரின் படைப்புகளோடு சேர்த்து 2007இல் மீண்டும் ஒரு முறையும் அச்சேறியது. மறுபதிப்பில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகமாகப் புரட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் எளிய கதையாகத் தோன்றுகிறது. உளிமுனை அவர்கள் சொன்னபடி, படத்துக்குள் வரும் கடிதங்களையும் அறிவிப்புகளையும் நின்று படித்து, காலர் வெள்ளையாக இருக்கும் படங்களையும் அது நிழலுக்குள் போகும் படங்களையும் கவனித்து, ஒரு மாலையில் முப்பது படங்களுக்கு மேல் போகாமல் பாருங்கள். கெல்லரையும் சிகாகோ தொகுப்பையும் பற்றி எதிர்க்கரை அவர்கள் தனி இழை தொடங்கினால், யீடிஷ் எழுத்துகளை மரத்தில் வெட்டிய விதத்தைப் பற்றி அங்கே தொடர்ந்து பேசலாம்.